சங்கு ஊதிய பிறகு

— கண்ண மூடாதய்யா. பேசிகினே இரு. தோ, வந்துட்டேன். பட்டன் பெட்டிகிட்டதான் நிக்கிறேன்.

— ஓடியா வந்த?

— பின்ன ஊர்கோலமா வருவாங்க? கரையான்சாவடி முக்குல ஆட்டோவ உட்டு எறங்கி, மெட்ரோக்காரன் தோண்டிப்போட்ட பள்ளத்த சுத்திகினு ஓடியாறேன். இன்னாய்யா, உன் குரலு கெணத்துல இருந்து வர்ற மாதிரி கீது?

— கதவோட ஒட்டி போன வெச்சி பேசறேன் ம்மே. இங்கதான் டவரு கொஞ்சம் கெடைக்குது.

— வந்ததும் கடப்பாரைய போட்டு நெம்பிப் பாத்தேன். கதவு அசையல. கதவா அது, சுவரு.

— அசையாது. வாழக்கா பழுக்கற ரூமு, ஈ போற சந்து கூட இருக்கக் கூடாதுன்னு செஞ்சி வெச்சிகீறாங்க. உள்பக்க பிடி ஒடஞ்சி கெடக்குது. மாத்துறேன் மாத்துறேன்னு மிஷின் பாக்குற சம்பந்தம் சொல்லிகினே கீறான். அவன் எங்க?

— கோயம்பேட்டுக்கு லோடு ஏத்திகினு போயிட்டாரு. போனு சுவிட்ச் ஆஃப். ஓனரு எதோ கல்யாணத்துல கீறாரு, எடுக்கல. வாட்ச்மேனு சாப்ட போயிட்டான். பயர் சர்வீஸுக்கு சொல்லிட்டேன். பூந்தமல்லி ரோடு பூரா தோண்டிக் கெடக்குது, சுத்திகினு வர்றாங்களாம்.

— அப்ப நீயும் நானும்தான்.

— நீயும் நானும்தான். நடுவுல ஒரு கதவு. நம்ம ஊட்டுல எப்பவும் கீறதுதான.

— சிரிக்க வெக்காத. சிரிச்சா மூச்சு வாங்குது.

— மெயின ஆஃப் பண்ணிடட்டா?

— வேணாம். அன்னிக்கி கரண்டு போனப்ப இந்த பூட்டு அப்டியே இறுக்கிகினு நின்னுச்சி, ஞாபகம் கீதா? பூட்டு தொறக்காது, உள்ள ஓடுற ஃபேனும் நின்னுடும். மெதுவா பெட்டியப் பாரு. இன்னா தெரியுது?

— மேல சின்ன டிவி மாதிரி ஒண்ணு. அதுல செவப்புல எழுத்து ஓடுது. கீழ நாலு பட்டன். எல்லாம் இங்கிலீசு.

— படிக்க வருதில்ல?

— எழுத்துக் கூட்ட வரும். அர்த்தம்தான் வராது. என்கிட்ட கீறது பட்டன் போனு, போட்டோ புடிச்சி கேக்கவும் வழியில்ல. உன்துல பாரேன்.

— நெட்டு வட்டம் சுத்திகினே கீது. பேசறதே பெரும்பாடு.

— எவனாவது சங்கு ஊதுன பிறகு இந்த ரூமுக்குள்ள போவானா? சங்கு ஊதுனா கதவு மூடிக்கும், காய பழுக்க வெக்கிற கேஸு வரும்னு இங்க வேல செய்ற அத்தினி பேருக்கும் நீதான சொல்லிக் குடுத்த. நீயே உள்ள போயி நிக்கிற. எதுக்கு போன?

— அப்பறம் சொல்றேன்.

— வெயில் தாங்கலன்னு சில்லுன்னு ஒரு தூக்கம் போடப் போனியா?

— அப்பறம் சொல்றேன் ம்மே. மொத பட்டன சொல்லு. நாம பைக்ல போறப்ப வெளாடுவோமே, அது மாதிரி.

— எது, போர்டு பாத்து அர்த்தம் சொல்றதா?

— அதான் மேட்டரு. யாரையும் கேக்கக் கூடாது, போன்ல பாக்கக் கூடாது. வார்த்தைய சுத்தி இன்னா கீதோ அத வெச்சி சொல்லணும்.

— அந்த வெளாட்டுல நாம எப்பய்யா கரீட்டா சொன்னோம்? ‘செரீன் ரெசிடென்சி’ன்னு போட்டிருந்ததுக்கு, செரீன்னா தண்ணி லாரி வர்ற எடம்னு சொன்னவன் நீ.

— நீச்சல் கொளம் படம் போட்டிருந்தான். இந்தப் பக்கம் ஒரு கொளத்த ரொப்பணும்னா லாரி வராம முடியுமா?

— அது போர்டு. தப்பா சொன்னா சிரிச்சிட்டு போயிடலாம். இங்க தப்பா சொன்னா நீ போயிடுவ.

— நீ தப்பா சொல்ல மாட்ட. சொல்லு.

— டி, ஓ, எஸ், ஈ. டோஸ்.

— ஓனரு உடுவாரே, அதுவா?

— இல்லய்யா. டானிக் பாட்டில்ல போட்டிருக்கும். காத்தால ஒரு டோஸு, ராத்திரி ஒரு டோஸு. குடுக்குற அளவு.

— அப்ப கேஸு குடுக்குறது. பட்டன் மேல எழுத்து தேஞ்சிகீதா?

— ஆமா, பாதி அழிஞ்சிகீது.

— கரீட்டு. ஒவ்வொரு லோடு ஏத்துன பிறகும் சம்பந்தம் அமுத்துறது அதான். அமுத்துனா உள்ள பாம்பு சீறுற மாதிரி ஒரு சத்தம் வரும். இன்னிக்கி கடிகாரம் வெச்சி தானா ஓடுது. அத தொடவே தொடாத. அடுத்தது?

— பி, யூ, ஆர், ஜி, ஈ. புர்கேன்னு வருது. இல்ல, பர்ஜ். யோவ். கேக்குதா?

— ம்மே.

— இன்னா.

— காயெல்லாம் மூச்சு உடுது.

— இன்னா சொல்ற?

— நெசமாத்தான். டிரே டிரேயா அடுக்கி கீதுங்க. பச்சப் பசேல்னு. எல்லாம் ஒண்ணா மூச்சு இழுக்குது, ஒண்ணா உடுது. ஸ்கூல்ல மத்தியானம் சோறு துன்னுட்டு படுத்துகினு கீற புள்ளைங்க மாதிரி. நான் நடுவுல உக்காந்துகினு கீறேன். இனிப்பா ஒரு வாசன வருது. காலு தரையில படுதா இல்லியான்னே தெரியல.

— கிள்ளிக்க.

— கிள்ளுனா யார் கையோ மாதிரி கீது.

— தோ பாரு கன்னியப்பா. எனக்கு கோவம் வந்தா உன்ன பேர் சொல்லித்தான் கூப்டுவேன். இப்ப கூப்டுறேன். எந்திரிச்சி நில்லு.

— சண்ட போடு ம்மே. சண்ட போட்டா தூக்கம் வராது.

— அதுக்கா பஞ்சம்? பெட்ரோல் பங்குல என்ன உட்டுட்டு போனியே, அதுல இருந்து ஆரம்பிக்கட்டா?

— ஆரம்பி.

— பெட்ரோல் போட எறங்க சொன்ன. எறங்குனேன். போட்ட. வண்டிய எடுத்த. போயிட்ட. பொண்டாட்டி பின்னாடி ஏறுனாளா இல்லியான்னு திரும்பிக்கூட பாக்கல. பங்குல காத்து புடிக்கிறவன் என்ன பாத்து சிரிக்கிறான். நான் பையையும் புடிச்சிகினு எவ்ளோ நேரம் நின்னேன் தெரியுமா?

— நீ பின்னாடி கீறன்னு நெனச்சி பேசிகினே போனேன்.

— யாருகிட்ட?

— உன்கிட்டதான். வழியில புதுசா ஒரு போர்டு வெச்சிருந்தான். ‘ப்ரிஸ்டைன்’னு. வெள்ள வேட்டி கட்டுன ஆளு, பக்கத்துல பால் சொம்பு, பின்னாடி மல. நான் சொன்னேன், ப்ரிஸ்டைன்னா கலப்படம் இல்லாததுன்னு. நீ இன்னா சொல்றன்னு கேட்டேன். பதில் வரல. கோவமா கீற போலன்னு நெனச்சி, சரி, நீயே ஜெயிச்சன்னு உட்டுட்டேன்.

— நசரத்பேட்ட வரிக்கும் அப்டியே பேசிகினு போயிகீற.

— ஊட்டாண்ட வந்து எறங்குன்னு சொன்னேன். வண்டி சாயல. அப்பதான் திரும்பிப் பாத்தேன்.

— அதான்யா எனக்கு வலிக்குது. நீ அடிச்சிருந்தா கூட போலீஸுக்கு போயிருப்பேன். நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு ஆயிட்டப்ப எங்கய்யா போயி சொல்றது? அதான் இன்னிக்கி இங்க வேலைக்கு வர்றப்பவே பையத் தூக்கிகினேன், பாதி வேலையில கெளம்பிட்டேன். சேக்காட்டுக்கு, அம்மா ஊட்டுக்கு. திரும்பி வர்ற மாதிரி இல்ல.

— தெரியும்.

— தெரியுமா? கெளம்புறப்ப ஒரு வார்த்த கேக்கல.

— நீ பையத் தூக்குனது தெரியும். எந்த நேரத்துல கெளம்புனன்னு தெரியல. நான் பின்பக்கம் லாரிய கழுவிகினு இருந்தேன்.

— பஸ் ஸ்டாண்டுல நிக்கறப்ப போன் அடிக்குது. எடுத்தா, ‘எங்க கீற, எங்க கீற’ன்னு கத்துற. பஸ் ஸ்டாண்டுலன்னு சொன்னதும் சிரிக்கிற. அப்பறம் சாவகாசமா, ம்மே, நான் உள்ள மாட்டிகினேன்னு சொல்ற. மாட்டிகினவன் சிரிப்பானாய்யா?

— சிரிப்பு வந்துச்சி, சிரிச்சேன். அந்தப் பட்டன் இன்னாது, மறுபடி சொல்லு.

— பி, யூ, ஆர், ஜி, ஈ.

— இரு. இங்க மேல ஒரு தகர மூடி கீது. சுவத்துல, கூரைகிட்ட. அதுல எதோ எழுதிகீது. கதவு மேல கீற சின்ன லைட்டுல கொஞ்சம் தெரியுது. மொத எழுத்து ஒரு கம்பு, தலையில வயிறு.

— அது பி.

— அப்பறம் டம்ளர் மாதிரி.

— யூ.

— கடசில சீப்பு. மூணு பல்லு.

— ஈ. நடுவுல?

— தூசி மறைக்குது. ஆனா அதே வார்த்ததான்னு நெனைக்கிறேன். பக்கத்துல ஒரு அம்பு போட்டிருக்கு. வெளிய போற மாதிரி.

— அந்த மூடிய சுத்தி சுவரு எப்டி கீது?

— கருப்பா கீது. பொக அடிச்சா மாதிரி. பொக்குன்னு எதையோ வெளிய துப்பி துப்பி கறுத்துப் போச்சி.

— அப்ப பர்ஜுன்னா வெளிய துப்புறது.

— அதான் மேட்டரு. அமுத்து.

— அமுத்திட்டேன்.

— ஒண்ணும் ஆவல.

— டிவில வேற எழுத்து வந்துகீது. பி, ஈ, என், டி, ஐ, என், ஜி. யோவ், இது எனக்கு தெரியும். பெண்டிங்கு. ரேஷன் கார்டு கேட்டு போனப்பல்லாம் இததான சொன்னாங்க.

— நாளைக்கு வான்னு அர்த்தம்.

— நாளைக்கா? வெளிய துப்பறேன், ஆனா இப்ப இல்லங்குது. மொதல்ல ஓடிகினு கீற வேல முடியணுமாம்.

— அது முடியறப்ப காயெல்லாம் மஞ்சளாயிடும் ம்மே. நானும் பழுத்திடுவேன். இப்பவே ஓரமா மஞ்சளா தெரியுது. அழகா கீது. பங்குல லைட்டு போட்டா மாதிரி. நீ நிக்கிற. பையோட நிக்கிற. இந்த தபா திரும்பிப் பாத்துட்டேன்.

— கன்னியப்பா. என் பேச்ச கேளு. மூணாவது பட்டன் சொல்றேன், கூடவே சொல்லு. ஓ, வி, ஈ, ஆர்.

— ஓ. வி. ஈ.

— ஓவர். அதுக்கப்பறம் ஆர், ஐ, டி, ஈ. ரைடு. ஓவர்ரைடு.

— ஓவர்டேக் தெரியும். முந்திகினு போறது.

— அப்ப இது மேல ஏறிப் போறதா? ஓடுற வேலய ஓரங்கட்டிட்டு போறதா இருக்கும். ஆனா பட்டனுக்கு நடுவுல சாவி ஓட்ட கீது. சாவி இல்லாம அமுந்தல.

— சாவி சம்பந்தம் இடுப்புல. எல்லாரும் அமுத்தக் கூடாத பட்டனுக்குத்தான் சாவி போடுவான். நீ சொன்ன அர்த்தம் கரீட்டு, ஆனா நமக்கு ஒதவாது. கடசி பட்டன்?

— அத நான் படிக்க மாட்டேன்.

— ம்மே.

— படிக்க மாட்டேன்னு சொன்னேன்ல.

— எழுத்த மட்டும் சொல்லு. அர்த்தம் நான் பாத்துக்கறேன்.

— ஏ. பி. ஓ. ஆர். டி.

— அபார்ட்டு. இது நான் கேட்டதில்ல.

— நான் பாத்துகீறேன். ஆஸ்பத்திரில, கட்டில்ல தொங்குன அட்டையில. இதுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் எழுத்து இருந்துச்சி. நர்சம்மா அட்டையப் பாத்தாங்க, என் தலைய தடவிட்டு போயிட்டாங்க. அதுலயே எனக்கு அர்த்தம் புரிஞ்சிடிச்சி.

— நானும் அந்த அட்டைய பாத்தேன்.

— பாத்தியா? அன்னிக்கி ஒண்ணுமே சொல்லலியே நீ.

— இன்னான்னு சொல்றது. போயி டீ வாங்கியாந்தேன்.

— ஆறிப்போன டீ.

— கீழ ரொம்ப நேரம் நின்னுட்டேன். மூஞ்ச கழுவிட்டு வர்றதுக்குள்ள ஆறிடிச்சி.

— நீ கடையில சிரிச்சிப் பேசிகினு கீறன்னு நான் நெனச்சேன்.

— ம்.

— இது கலைஞ்சி போறது. இத அமுத்த சொல்லாதய்யா என்ன.

— மெதுவா யோசி. உள்ள ஒரு வேல ஓடிகினு கீது. அது முடியற வரிக்கும் கதவு தொறக்காது. அத நடுவுல நிறுத்தணும். முடியறதுக்கு முன்னாடியே முடிச்சி உடுறது. அந்த வார்த்தைய சுத்தி அன்னிக்கி இருந்தது வேற, இன்னிக்கி இருக்கறது வேற.

— தப்பா இருந்தா?

— அன்னிக்கி அந்த எழுத்து வந்த பிறகும் நீ எந்திரிச்சி ஊட்டுக்கு வந்தல்ல. அது போதும் எனக்கு. அமுத்து.

— வெரல வெச்சிட்டேன்.

— அப்டியே அமுத்து.

— அமுத்திட்டேன். ஒரு கேள்வி கேக்குது. சி, ஓ, என், எஃப். கன்ஃபர்ம். டிரெயின் டிக்கெட்டுல வர்றது. உறுதியான்னு கேக்குது.

— சொல்லு, உறுதின்னு.

— சொல்லிட்டேன். செவப்பு போயி மஞ்ச எழுத்து வந்துகீது. இப்ப அதே பர்ஜு. வாலு கொஞ்சம் நீளமா கீது, ஓடிகினு கீதுன்னு அர்த்தமா இருக்கும். எதுனா தெரியுதா அங்க?

— மேல தகரம் தொறக்குது. வானம் தெரியுது ம்மே. துண்டு துண்டா. காத்து தலைல கொட்டுது. காயெல்லாம் தலையாட்டுது.

— அப்டியே அந்தக் காத்துல மூஞ்ச வெய்யி. பேசு.

— யோவ்.

— கன்னியப்பா, நான் மட்டும்தான் பேசிகினு கீறேன், நீ பேசு. போர்டு ஒண்ணு சொல்லவா? வர்ற வழியில பாத்தேன். ‘டிரான்க்வில்’னு போட்டிருந்தான். ஏரி படம், ஒரு கெழவரு பெஞ்சுல உக்காந்துகினு கீறாரு. நீ இன்னா சொல்ற?

— நீ சொல்லலன்னா நானே சொல்லட்டா? பென்சன் வாங்குறவங்க ஊடு. கரீட்டா? தப்புன்னாவது சொல்லுய்யா.

— சேக்காட்டுக்கு போவல. கேக்குதா? பைய வாசல்லயே உட்டுட்டேன். யாரு வேணா தூக்கிகினு போவட்டும். பேசு.

— ம். டிரான்க்வில்னா, சத்தம் போடாதன்னு அர்த்தம்.

— அய்யோ, உசுரோட கீறியா நீ.

— பூட்டுல டக்குன்னுச்சி. பச்ச லைட்டு வருதா?

— வந்துகீது. தள்ளிக்க, இழுக்கறேன். தோ. வா, என் தோள புடி. இங்க சுவத்துல சாஞ்சி உக்காரு.

— வெளிச்சம் கண்ண கூசுது.

— போன காதுல இருந்து எடுய்யா. எதுர்லதான கீறேன்.

— நல்லா கீற. பொடவ மாத்திகினியா?

— இப்பதான் கண்ணு தெரியுதா உனக்கு? இந்தா, தண்ணி. கொஞ்சம் கொஞ்சமா குடி. தோ, பயர் வண்டி மணி கேக்குது, முக்குல திரும்பிட்டான். அவங்க கேக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லு. சங்கு ஊதுன பிறகு எதுக்கு உள்ள போன?

— மூச்சு வாங்கிக்கறேன் இரு.

— கால பாரு, செருப்போட போயிகீற. உள்ள போறவங்க செருப்ப வாசல்ல உட்டுட்டுதான் போவணும், வாசல்ல செருப்பு கெடந்தா உள்ள ஆள் கீதுன்னு அர்த்தம், இங்க மேஸ்திரி நீதான சட்டம் போட்ட. உன்து வாசல்ல கெடந்திருந்தா வாட்ச்மேனு சாப்டவே போயிருக்க மாட்டான்.

— கழட்ட நேரமில்ல.

— அப்டி இன்னா தலபோற அவசரம்?

— உன் காலுல கீறது புதுசா?

— பேச்ச மாத்தாத.

— கேட்டதுக்கு சொல்லு ம்மே.

— தீவாளிக்கு வாங்குனது. அம்மா ஊட்டுக்கு போறவ, வேலைக்கு போடுற ரப்பர் செருப்போடயா போவா? பையில இருந்து எடுத்து மாத்திகினேன்.

— பழச எங்க உட்ட?

— எங்க உடுவேன், தெனம் கழட்டுற எடத்துலதான். தோ கதவாண்ட கெடக்குது பாரு, நீலக் கலரு.

— லாரிய கழுவிட்டு முன்னாடி வர்றேன். சங்கு ஊதுது. கதவு மூடிகினு கீது. வாசல்ல உன் செருப்பு.

— யோவ்.

— ஒவ்வொரு டிரேயா நவுத்திப் பாத்தேன் ம்மே. கடசி வரிச வரிக்கும் தேடி, நீ உள்ள இல்லன்ன பிறகுதான் உனக்கு போன் அடிச்சேன்.